அடுத்த வீட்டுக் கடவுள், நம் வீட்டுப் பிசாசு

மத்தியகால அரபு நூல்களில் வரும் ஜின்கள், பிசாசுகளின் பெயர்களைச் சற்றுக் கிளறினால் பாரசீக, யூத, பாபிலோனிய மண்ணின் வாசனை வீசுகிறது. கூடவே கொஞ்சம் ரத்த வாடையும்.

பாக்தாத்தில் இப்னு அல்-நதீமின் தொழில் புத்தகங்களைப் பிரதி எடுத்து விற்பது. அப்பாவுக்கும் அதே வியாபாரம்தான். கடைக்கு வந்த நூல்களின் தலைப்பு, எழுதியவர் பெயர், விஷயம் என்று குறித்து வைத்துக்கொண்டே வந்த மனிதர், கி.பி. 987ல் ஓர் அசுரக் காரியத்தைச் செய்தார். அதுவரை அரபு மொழியில் வெளியான எல்லா நூல்களுக்கும் ஒரே பட்டியல். அல்-ஃபிஹ்ரிஸ்த் என்று அதற்குப் பெயர். இலக்கணம், சட்டம், கவிதை, வானியல், மருத்துவம் எல்லாம் முடிந்து எட்டாவது பகுதிக்கு வரும்போது கதைசொல்லிகளும் மந்திரவாதிகளும் வருகிறார்கள். அங்கேதான், சுலைமான் நபியின் முன்னால் ஆஜரான 70 இஃப்ரீத்துகளின் பெயர்களை அவர் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்.

பயங்கரமான பெயர்களை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் படிப்பது போல இருக்கிறது. ஸைனப் என்று ஒரு பெயர். எந்த அரபு வீட்டிலும் பெண் குழந்தைக்கு வைக்கிற பெயர் அது. ஃபிரூஸ் என்று ஒருவர். வெற்றி பெற்றவன் என்று பொருள்படும் சாதாரணப் பாரசீகப் பெயர். காரூன் உண்டு. பூமி விழுங்கிய பணக்காரனாகத் திருக்குர்ஆனிலும், கோராகு என்று பைபிளிலும் வருகிறவன்தான் காரூன். ஸுஹல், கைவான் என்று இரண்டு பெயர்கள். முதலாவது சனி கிரகத்தின் அரபுப் பெயர். இரண்டாவது அதே சனியின் பாரசீகப் பெயர். ஆக, ஒரே சனி இரண்டு மொழிகளில் இரண்டு பிசாசுகளாகி உட்கார்ந்திருக்கிறது.

கைவானின் பூர்வீகத்தைத் தேடினால் பாரசீகத்தையும் தாண்டிப் போக வேண்டும். பாபிலோனியர்களின் அக்காடிய மொழியில் சனிக்கு 'கய்யமானு' என்று பெயர். நிலையானது, நிதானமானது என்று அர்த்தம். ('மெல்லச் செல்பவன்' என்று இந்தியாவில் சனைச்சரனுக்குப் பெயர் வைத்தவர்களும் அதே வானத்தைத்தான் பார்த்தார்கள்.) அந்தப் பெயர் பைபிளின் ஆமோஸ் ஆகமத்தில், இஸ்ரவேலர் கும்பிட்டிருக்கக் கூடாத ஒரு விக்கிரகமாக எட்டிப் பார்க்கிறது. தெற்கு இராக்கில் வாழ்ந்த மாண்டேயர்களின் மதத்தில் ஏழு கிரகங்களும் தீய சக்திகள். அவற்றில் ஒன்று 'கேவான்'. அங்கிருந்து பாக்தாத் புத்தகக் கடைக்கு ஒன்றும் அதிக தூரமில்லை.

ஆனால் பட்டியலிலேயே தூக்கிப்போடுகிற பெயர் வேறு. ஹுர்முஸ்.

ஹுர்முஸ் என்பது ஓர்மஸ்த். ஓர்மஸ்த் என்பது அஹுர மஸ்தா. அதாவது ஜரதுஷ்டிர மதத்தின் முழுமுதற் கடவுள். மும்பையிலும் நவ்ஸாரியிலும் பார்ஸிகள் இன்றும் வணங்குகிற தெய்வம். சசானியப் பேரரசின் பல மன்னர்கள் அந்தப் பெயரைத் தாங்கி ஆண்டார்கள். வியாழன் கிரகத்துக்கும் அதே பெயர். இப்னு அல்-நதீமின் பட்டியலில் இருப்பது கடவுளா, கிரகமா, அல்லது யாரோ ஒரு பாரசீகனின் பெயரா என்று வாதாடலாம். மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான். 651ல் கடைசி சசானிய மன்னர் கொல்லப்பட்டு மூன்று நூற்றாண்டுகள் கடந்திருந்தன. பேரரசின் தெய்வம், சுலைமானின் தர்பாரில் கைகட்டி நிற்கும் எழுபதில் ஒன்றாகிவிட்டது.

இதில் பாரசீகர்கள் புகார் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். இதே வேலையை அவர்கள் முன்பே செய்திருந்தார்கள். வேதத்தில் தேவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். அவெஸ்தாவில் 'தயேவ' என்றால் பிசாசு. இந்திரனும், சர்வனும், அஸ்வினிகளான நாசத்தியரும் அங்கே பிசாசுப் பட்டியலில் இருக்கிறார்கள். இங்கே அசுரன் வில்லன். அங்கே அதே சொல்தான் 'அஹுர', அதாவது கடவுள். உருதுக் கதைகளில் மலையைத் தூக்கி வரும் 'தேவ்' என்ற பூதம், சொல்லளவில் நம் தேவனுக்குக் கூடப்பிறந்தவன்.

பெயர்கள் இப்படி மதம் மாறியது பண்டிதர்களின் சபைகளில் மட்டுமல்ல. பெரும்பாலும் வீட்டு வாசற்படியில் நடந்த விஷயம் அது. அதற்கு மண்ணில் சாட்சி இருக்கிறது. பாக்தாத்துக்குத் தெற்கே நிப்பூர் என்ற பழைய நகரத்தில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 1888 முதல் அகழாய்வு செய்தபோது வீடுகளின் தரைக்கடியில் மண் கிண்ணங்கள் கிடைத்தன. எல்லாம் கவிழ்த்துப் புதைக்கப்பட்டவை. உள்பக்கம், நடுவிலிருந்து விளிம்பு வரை சுருள் சுருளாக எழுத்து. பேயைப் பிடித்து அடைக்கிற பொறி. 1913ல் ஜேம்ஸ் மாண்ட்கோமரி அவற்றைப் படித்து வெளியிட்டார். இன்று இது போன்ற கிண்ணங்கள் உலகெங்கும் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலுமாக சுமார் 2,000 உள்ளன. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து எட்டாம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. அதாவது இஸ்லாம் இராக்கை அடைவதற்குச் சற்று முன்பும் பின்பும்.

கிண்ணங்களில் சில யூதர்களின் அராமிக் எழுத்தில், சில மாண்டேய எழுத்தில், சில சிரியாக்கில். எழுதச் சொன்ன குடும்பங்களின் பெயர்களோ பல பாரசீகப் பெயர்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரும் தாயின் பெயரால் அடையாளம் காட்டப்படுகிறார் - இன்னாளின் மகன் இன்னார் என்று. பேய்க்கு முகவரி தப்பக் கூடாதே! வேண்டுதல்கள் எல்லாக் காலத்துக்கும் பொதுவானவை. காய்ச்சல் விலக வேண்டும். கரு நிற்க வேண்டும். பிறந்த குழந்தை பிழைக்க வேண்டும். குழந்தைகளைக் கொல்வதாக நம்பப்பட்ட லிலித் என்ற பெண் பேயை விரட்ட ஒரு விசித்திரமான வழி கையாளப்பட்டது. யூதச் சட்டப்படி மனைவிக்குத் தரும் தள்ளுதற்சீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்து வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த யோசுவா பர் பெராஹ்யா என்ற யூத குருவின் பெயரால் அந்த விவாகரத்து நடக்கும். அதே சூத்திரத்தை யூதரல்லாதவர்களின் கிண்ணங்களிலும் காணலாம். யூத அராமிக்கில் எழுதிய ஒரு கிண்ணம் ஒருபடி மேலே போய், இயேசுவையும் சிலுவையையும் துணைக்கு அழைக்கிறது. குழந்தை பிழைத்தால் போதும் என்றிருந்த தாய், மருந்து எந்த மதத்துக் கடையில் வாங்கியது என்று கேட்டிருக்க மாட்டாள்.

லிலித்தும் உள்ளூர்க்காரி அல்ல. அவளுக்கும் முன்னே பாபிலோனில் 'லிலீத்து' இருந்தாள். இஸ்லாமியக் காலத்தில் கிண்ணங்கள் மறைந்தன. பயம் மறையவில்லை. அரபு தாயத்துகளில் அதே உத்தியோகத்தில் அமர்ந்தவள் 'உம் அஸ்-ஸிப்யான்' - குழந்தைகளின் தாய். பெயரில் இருக்கும் குரூரமான மரியாதையைக் கவனிக்க வேண்டும். சுலைமான் நபி அவளை வழிமறித்து, ஏழு உறுதிமொழிகளை எழுதி வாங்கினார் என்பது கதை. அந்த ஏழும் எழுதிய தாயத்து இருக்கிற வீட்டுக்குள் அவள் நுழைய மாட்டாள். வழிமறிக்கும் புனிதர், மாட்டிக்கொண்டு தன் ரகசியப் பெயர்களை ஒப்புவிக்கும் பேய், பெயர் தெரிந்தவருக்குத் தீங்கில்லை என்ற வாக்குறுதி: இந்தக் கதை கிரேக்கத்தில் கெல்லோ பற்றியும் எத்தியோப்பியாவில் வெர்ஸெல்யா பற்றியும் சொல்லப்படுகிறது. யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்று கேட்டால் ஆய்வாளர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

சில பெயர்களின் பயணத்தை மட்டும் அடி அடியாகப் பின்தொடர முடிகிறது. அவெஸ்தாவில் 'அயேஷ்ம' என்றால் கோபம். கோபத்தின் பிசாசு அயேஷ்ம தயேவ. யூதர்கள் பாரசீக ஆட்சியில் வாழ்ந்தபோது அவன் அவர்களிடம் வந்து சேர்ந்தான் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தோபித்து நூலில் ஏழு மாப்பிள்ளைகளை முதலிரவிலேயே கொல்லும் அஸ்மோடியஸ் அவன்தான். பாபிலோனிய தால்முதில் அஷ்மெதாய் என்ற பெயரில் பிசாசுகளின் ராஜா. அவனது கிணற்றில் தண்ணீரை எடுத்துவிட்டுத் திராட்சரசத்தை நிரப்பி, போதையில் பிடிக்கிறார்கள். தேவாலயம் கட்டக் கல்லை இரும்பில்லாமல் வெட்டும் ரகசியத்தைக் கறக்கிறார்கள். பிறகு அவன் சாலொமோனை ஏமாற்றி மோதிரத்தைப் பிடுங்கிக்கொள்ள, ராஜா பிச்சைக்காரராகிறார்.

அரபு நூல்களில் இதே கதை, கிணறு, போதை, கல், மோதிரம் எல்லாவற்றோடும் வருகிறது. பிசாசின் பெயர் மட்டும் ஸக்ர். பாறை என்று அர்த்தம். கல் வெட்டும் ரகசியம் தெரிந்தவனுக்குப் பொருத்தமான பெயர்தான். 923ல் மறைந்த அத்-தபரி மோதிரக் கதையைச் சொல்கிறார். 1035ல் மறைந்த அத்-தஃலபீ இன்னும் விரிவாகச் சொல்கிறார். அரியணை இழந்த சுலைமான் மீனவர்களிடம் கூலிவேலை பார்த்து, கூலியாகக் கிடைத்த மீனின் வயிற்றில் மோதிரத்தைக் கண்டெடுக்கிறார். சகுந்தலையின் மோதிரத்தை அறிந்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதை. இப்னு அல்-நதீமின் எழுபதில் ஸக்ரும் உண்டு.

இப்படிப்பட்ட கதைகளை அரபுலகுக்குக் கொண்டுவந்தவர்களாக நூல்கள் சுட்டும் இருவர் யேமன்காரர்கள். ஒருவர் யூத மதத்திலிருந்து இஸ்லாத்துக்கு வந்த கஅப் அல்-அஹ்பார். மற்றவர் பாரசீக வம்சாவளியில் வந்த வஹ்ப் இப்னு முனப்பிஹ். இவற்றுக்கு 'இஸ்ராயீலிய்யாத்' என்றே தனிப்பெயர் இட்டு, நம்பத் தகாதவை என்று ஒதுக்கிய மார்க்க அறிஞர்களும் இருந்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் இப்னு கஸீர் அவர்களில் முக்கியமானவர். இரவல் சரக்கு எது என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் ஐரோப்பியர்கள் மட்டும்தான் என்பது தவறான எண்ணம்.

இப்லீஸ் என்ற பெயரே உதாரணம். நம்பிக்கை இழத்தல் என்று பொருள்படும் 'ப-ல-ஸ' என்ற அரபு வேரிலிருந்து, இறைவன் கருணையில் நம்பிக்கை இழந்தவன் என்ற பொருளில் பிறந்தது என்று தபரி போன்றவர்கள் விளக்கினார்கள். பாக்தாத் மொழியறிஞர் அல்-ஜவாலீகீ, 12ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் கலந்த அந்நியச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். அதில் இப்லீஸும் இருந்தது. அரபுப் பெயராக இருந்தால் வேற்றுமை உருபுகளை ஒழுங்காக ஏற்க வேண்டும். இது ஏற்கவில்லை என்பது இலக்கணக்காரர்களின் வாதம். பிசாசுக்கும் இலக்கணம்தான் ஜாதகம்! கிரேக்க 'தியாபொலொஸ்' கிறிஸ்தவர்கள் வழியாக வந்து இப்லீஸ் ஆனது என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு. இந்த விவாதங்களை எல்லாம் திரட்டி ஆர்தர் ஜெஃப்ரி எழுதிய 'திருக்குர்ஆனின் அந்நியச் சொற்கள்' பற்றிய ஆங்கில நூல் 1938ல் வெளியானது லண்டனிலோ கெய்ரோவிலோ அல்ல; பரோடாவில். கெய்க்வாட் கீழ்த்திசை நூல் வரிசையில் 79வது வெளியீடாக.

பாபிலோனில் சூனியம் தொடர்பாகத் திருக்குர்ஆன் குறிப்பிடும் ஹாரூத், மாரூத் என்ற இரு வானவர்களின் பெயர்களும் இப்படி அலசப்பட்டவை. மக்களைச் சோதிக்க அனுப்பப்பட்டவர்கள் அவர்கள் என்பது இஸ்லாமிய விளக்கம். மொழியியலாளர்களின் கண் போனது ஜரதுஷ்டிர மதத்தின் ஹௌர்வதாத், அமெரெதாத் என்ற இரட்டைத் தேவதைகளின் மீது. முழுமை, சாகாமை. இரண்டாவதில் 'அமிர்தம்' ஒளிந்திருப்பதைப் பார்க்க சமஸ்கிருதப் பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. ஈரானிய நாட்காட்டியில் இன்றும் கொர்தாத், மொர்தாத் என்று இரண்டு மாதங்கள் அவர்கள் பெயரில்தான். ஆர்மீனியர்களோ 'ஹவ்ரோத்-மவ்ரோத்' என்பதை ஒரு பூவின் பெயராக வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் தேவதை, ஓரிடத்தில் பூ. பிற்கால அரபுக் கதைகளிலோ பாபிலோன் கிணற்றில் தலைகீழாகத் தொங்கும் குற்றவாளிகள்.

போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இல்லை. கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா யூத ஆலயத்தின் அறையொன்றில் குவிந்து கிடந்த பழைய காகிதங்களை 1896-97ல் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்கு அள்ளிச் சென்றார். கிட்டத்தட்ட 1,93,000 துண்டுகள். அவற்றில் அரபு மந்திரங்களை யூதர்கள் எபிரெய எழுத்தில் பிரதி எடுத்து வைத்திருந்ததும் அகப்பட்டது. எதிர்ப்பக்கத்தில், முஸ்லிம் மந்திரவாதிகள் ஜின்களைக் கட்ட உச்சரித்த 'அஹ்யா ஷராஹ்யா அதோனாய் அஸ்பாஊத்' என்ற அச்சுறுத்தும் ஒலிக்கோவை, எபிரெய பைபிளில் கடவுள் மோசேயிடம் தன் பெயரைச் சொல்லும் சொற்கள் வாய்வழியாகத் தேய்ந்த வடிவம். அண்டை வீட்டாரின் கடவுள் பெயர் புரியாமல் இருப்பதே அதன் சக்தி.

கிழமைக்கு ஒருவராக ஏழு ஜின் ராஜாக்கள் அரபு மந்திர நூல்களில் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாக்தாத்தில் தயாரான 'கிதாப் அல்-புல்ஹான்' என்ற ஓவியச் சுவடியில் (இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில்) அவர்களைக் கொம்பும் பல்லுமாகப் பார்க்கலாம். சனிக்கிழமையின் ராஜா பெயர் மைமூன். பாக்கியசாலி என்று பொருள்! இந்தப் பாக்கியசாலி பிறகு ஐரோப்பாவுக்கும் போனார். அபானோவின் பீட்டர் எழுதியதாகச் சொல்லப்படும் லத்தீன் மந்திர நூலில், சனிக்கிழமைப் பிசாசுகளின் அரசனாக அதே 'மைமோன்' வீற்றிருக்கிறார். காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவின் அரண்மனையில் 1250களில் அரபு மந்திர நூலான 'காயத் அல்-ஹகீம்' மொழிபெயர்க்கப்பட்டபோது, கிறிஸ்தவ மன்னனுக்காக அந்த வேலையில் ஈடுபட்டவர் யூதரான யெஹூதா பென் மோஷே.

இதுவரை எல்லாம் சுவாரசியம்தான். பயந்தவர்கள் பக்கத்து வீட்டில் பெயர் இரவல் வாங்கிய கதை. ஆனால் பக்கத்து வீட்டுத் தெய்வத்தையே பிசாசு என்று சொல்கிற பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் யஸீதிகள்.

வடக்கு இராக்கில் மோசூலுக்கு வடக்கே லாலிஷ் பள்ளத்தாக்கில் அவர்களுடைய தலைமைக் கோவில் இருக்கிறது. அங்கே அடங்கியிருப்பவர் ஷேக் அதீ. லெபனானின் பெக்கா பகுதியிலிருந்து வந்து 1162 வாக்கில் மறைந்த சூஃபி ஞானி. யஸீதிகள் வணங்கும் வானவர்களில் முதல்வர் மலக் தாவூஸ், மயில் வானவர். உலகைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. கடவுளைத் தவிர யாருக்கும் தலைவணங்க மறுத்தவர் என்று ஒரு கதை அவரைப் பற்றிச் சொல்லப்பட, வெளியார் அதைக் கேட்டதும் கணக்குப் போட்டுவிட்டார்கள்: ஆதமுக்குத் தலைவணங்க மறுத்தவன் இப்லீஸ், எனவே மயில்தான் இப்லீஸ். இத்தனைக்கும் இப்லீஸ் வணங்க மறுத்தது இறைக் காதலால்தான் என்று சூஃபிகளிடையே ஒரு சிந்தனைப் போக்கே இருந்தது. பாக்தாத்தில் 922ல் கொல்லப்பட்ட அல்-ஹல்லாஜ், பின்னர் அஹமத் கஸ்ஸாலீ ஆகியோர் அப்படிப் பேசியவர்கள். அந்த நுணுக்கத்துக்கெல்லாம் தெருவில் இடமில்லை. 'பிசாசைக் கும்பிடுகிறவர்கள்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. தங்கள் மயில் வானவர் பிசாசு அல்ல என்பதே யஸீதிகளின் உறுதியான நிலை. 'ஷைத்தான்' என்ற சொல்லை அவர்கள் வாயால் உச்சரிப்பதே இல்லை. துருக்கிய அரசு தங்களைக் கட்டாய ராணுவ சேவைக்கு அழைத்தபோது, ஏன் வர முடியாது என்று 14 காரணங்களை அடுக்கி 1872ல் அவர்கள் ஒரு மனு கொடுத்தார்கள். முகாமில் அந்தச் சொல்லைக் கேட்க நேரும் என்பதும் அவற்றில் ஒன்று.

2014 ஆகஸ்ட் 3ஆம் தேதி இஸ்லாமிய அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட பயங்கரவாத அமைப்பு சிஞ்ஜார் பகுதிக்குள் நுழைந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். 6,000க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், பிடித்துச் செல்லப்பட்டார்கள். பெண்கள் சந்தையில் விற்கப்பட்டார்கள். அந்த அமைப்பு தன் ஆங்கிலப் பத்திரிகையில் இதற்கு நியாயம் எழுதியது: யஸீதிகள் இப்லீஸைக் கும்பிடுகிறவர்கள், வேதம் அருளப்பட்டவர்களுக்குரிய பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. உலகெங்கும் முஸ்லிம் மார்க்க அறிஞர்கள் பலர் அதைக் கண்டித்தார்கள். நடந்தது இனப்படுகொலையே என்று 2016 ஜூனில் ஐ.நா. விசாரணை ஆணையம் அறிவித்தது. கோச்சோ கிராமத்திலிருந்து கடத்தப்பட்டுத் தப்பிவந்த நாதியா முராத் 2018ல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். யஸீதிகளுக்கு எதிரான இனப்படுகொலைக்காக உலகில் முதன்முதலாக ஒருவருக்குத் தண்டனை விதித்தது ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நீதிமன்றம், 2021 நவம்பரில்.

தப்பி வந்த பெண்களைச் சமூகம் ஒதுக்கக் கூடாது என்று யஸீதிகளின் மதத் தலைவர் பாபா ஷேக் அறிவித்தார். வெளியாள் தீண்டினால் திரும்பி வர வழியில்லை என்றிருந்த மரபில் அது பெரிய மாற்றம். பெண்கள் லாலிஷுக்கு அழைத்து வரப்பட்டு வெள்ளை ஊற்று நீரால் மறுபடி தீட்சை பெற்றார்கள்.

அங்கே வாசலை ஒட்டிய சுவரில் ஒரு கருநாகம் செதுக்கப்பட்டிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள், படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போகிறார்கள். நடந்ததைப் பற்றிக் கேட்டால் பேசுகிறார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்வதில்லை.